இட்டேரியும் கிளுவை வேலியும்

வனவிலங்குச் சம்ரட்சணை என்ற பேச்சு எழுந்தவுடனே நம்மில் பெரும்பாலோருடைய மனம் முதுமலைக்கும் ஆனைமலைக்கும் ஓடிவிடுகிறது. யானையும் புலியும் வாழ்கிற அந்த அடர்ந்த காடுகளைக் காப்பது சர்க்காருடைய பொறுப்பு என்றும், வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய் ஜீப்பில் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் நம்முடைய பங்கு தீர்ந்துவிடுகிறது என்றும் எண்ணிக்கொள்வது நமக்குச் சௌகரியமாகவும் இருக்கிறது. 1940-ல் முதுமலையைச் சரணாலயமாக்கியவர்களுக்கு நாம் எல்லோரும் கடமைப்பட்டவர்கள் என்பதில் எனக்கு மாற்று அபிப்பிராயம் கிடையாது. ஆனால் வனத்துறையின் எல்லைக் கல்லுக்கு இப்புறம், உழவன் உழுகிற மண்ணிலும் அவனுடைய வரப்பிலும் நம் வீட்டுக் கொல்லையிலும் காலங்காலமாகக் குடியிருந்து வருகிற எளிய ஜீவராசிகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அவற்றுக்கென்று கெஜட்டில் வெளியான சரணாலயம் ஏதும் இல்லை. எங்கள் கொங்கு நாட்டில் அவற்றுக்கு வாய்த்த சரணாலயம் கிளுவை வேலி ஒன்றுதான். அந்த வேலியைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் விஸ்தாரமாகப் பேசப் போகிறேன்.

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கங்களில் பஸ்ஸில் பிரயாணம் செய்தவர்கள் ஜன்னல் வழியாகக் கொறங்காடுகளைப் பார்த்திருப்பார்கள். பார்த்தும், ‘ஏதோ தரிசு கிடக்கிறது’ என்று எண்ணிக் கடந்து போயிருப்பார்கள். அது தரிசு அல்ல. வருஷத்துச் சராசரி மழை 600 மில்லிமீட்டருக்கு அக்கம்பக்கமாகவே இருக்கிற, அதிலும் பெரும்பகுதிக்கு ஐப்பசி கார்த்திகையை எதிர்பார்த்துக் கிடக்கிற அந்த மேட்டு நிலத்தில், வெள்ளாமை வைத்து நஷ்டப்படுவதைக் காட்டிலும் புல் வளர்த்து மாடு வளர்ப்பதே புத்திசாலித்தனம் என்று எங்கள் முன்னோர் கண்டறிந்து, பல தலைமுறைகளாகப் பேணி வந்த மேய்ச்சல் நிலம் அது. தரையில் கொழுக்கட்டைப் புல். அதற்கு மேலே குடை விரித்தாற்போல் அங்கங்கே வெள்வேல மரம். நாற்புறமும் கிளுவை வேலி. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு. காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் மாடு மேயும்போது மற்றத் துண்டுகளில் புல் தலையெடுக்க விட்டு, மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். கோடையில் புல் காய்ந்துபோனால் வேலங்காய் உதிரும். அதை ஆடும் மாடும் தின்று, விதையைச் சாணத்தோடும் புழுக்கையோடும் காடெங்கும் விதைத்துவிடும். காங்கேயம் காளையின் திமிலும் வீறாப்பும் இந்தப் புல்லில் விளைந்தவை. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் பேணிய மந்தையின் கீர்த்தியை அறிந்தவர்களுக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு காடுகளுக்கு நடுவே, இருமருங்கும் வேலி உயர்ந்து நிற்க, ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய அகலத்தில் ஓடும் பாதைக்கு இட்டேரி என்று பெயர். ஊரிலிருந்து காட்டுக்கும், ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கும் மாடு கன்றுகளை ஓட்டிச் செல்வதற்காக ஏற்பட்ட தடம் அது. இரண்டு பக்கத்து மண்ணும் சற்றே உயர்ந்திருப்பதால் மழைக்காலத்தில் அதுவே ஓடையாகி நீரைக் குளத்துக்குக் கொண்டு சேர்க்கும். சிறு வயதில் எங்களுக்கு இட்டேரிதான் மைதானம், பழக்கடை, பள்ளிக்கூடம் எல்லாமும். சூரைப்பழமும் இலந்தைப்பழமும் கோவைப்பழமும் பறித்துத் தின்று, வாயெல்லாம் கறையும் கையெல்லாம் முட்கீறலுமாக வீடு திரும்பி வசவு வாங்காத பிள்ளை அந்நாளில் எங்கள் ஊரில் ஒருவன் இருந்திருப்பானா என்பது சந்தேகமே.

கிளுவையைப் பார்த்தறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. குங்கிலிய மர வகையோடு உறவுடைய முட்செடி அது; கிளையை ஒடித்தால் மெல்லிய பிசின் வாசனை வரும். விதை போட்டு வளர்க்கும் சிரமமெல்லாம் அதற்கு வேண்டியதில்லை. கட்டை விரல் பருமனுக்குப் போத்து வெட்டி வரிசையாக ஊன்றிவிட்டால் மழை ஈரத்தில் தானே வேர் பிடித்துத் துளிர்க்கும். வறட்சி வந்தால் இலையை முழுவதும் உதிர்த்துவிட்டு, காகிதம் போல் உரியும் பட்டைக்குள்ளே பச்சையை ஒளித்துக்கொண்டு மாதக்கணக்கில் தவம் கிடக்கும். ஒரு மழை பெய்தால் ஒரே வாரத்தில் பளபளவென்று தழைத்து நிற்கும். தழையை வெள்ளாடு தின்னும். சில வருஷங்களுக்கு ஒருமுறை தலையை வெட்டிவிட்டு, வெட்டிய முள்ளைக் கொண்டே சந்துகளை அடைத்துவிடுவார்கள். இத்தனைக்கும் செலவென்று சொல்லப்போனால் ஆள் கூலி ஒன்றுதான்.

ஆனால் கிளுவை வேலியில் கிளுவை மட்டும் இருப்பதில்லை, அங்கேதான் விசேஷம். மனிதன் நட்டது கிளுவை ஒன்றையே. பறவை எச்சமிட்டு முளைத்தவை, காற்றில் வந்து விழுந்தவை, வெள்ளத்தில் ஒதுங்கியவை எல்லாம் அதன் நிழலில் இடம் பிடித்துக்கொள்கின்றன. பிரண்டை தாவியேறுகிறது; வேலிப்பருத்தியும் முசுமுசுக்கையும் பின்னிக் கிடக்கின்றன; சங்கஞ்செடி அடியில் முள்விரித்து உட்கார்ந்திருக்கிறது; ஆதொண்டை தன் கொக்கி முள்ளால் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துவிடுகிறது. இடையிடையே வேம்பும் ஊஞ்ச மரமும் பனையும் தலைதூக்கி நிற்கும். பத்து வருஷம் எவரும் கைவைக்காமல் விட்ட வேலியில் குனிந்து பார்த்தால், தாவர சாஸ்திரம் படிக்கும் மாணவனுக்கு ஒரு வாரப் பாடம் இருக்கும்.

அப்படிப்பட்ட வேலியில் குடியிருப்பவர்களின் ஜாபிதாவை முழுவதும் கொடுப்பதென்றால் இந்தப் பதிவு போதாது. அடிமண்ணில் கௌதாரி முட்டையிடும். அதைத் தேடிக் கீரி வரும். ஓணான் தலையை ஆட்டிக்கொண்டு வெயில் காயும். கீச்சான் என்றொரு பறவை உண்டு. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிது, கண்ணுக்குக் குறுக்கே கரும்பட்டை கட்டினாற்போல் ஓர் அடையாளம். அது வெட்டுக்கிளியைப் பிடித்தால் அப்படியே விழுங்கிவிடாமல், கிளுவை முள் ஒன்றில் குத்தி வைத்துக்கொண்டு நிதானமாகப் பிய்த்துத் தின்னும். பசி இல்லாவிட்டால் அங்கேயே விட்டுவிட்டுப் போய்ப் பிறகு வரும். முள்ளில் தொங்கும் வெட்டுக்கிளியைக் கண்டு, யாரோ குறும்புக்காரச் சிறுவன் செய்த வேலை என்று எண்ணுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்தக் குடிமக்களில் என் மனத்துக்கு மிகவும் உகந்தது முள்ளெலி. தென்னிந்தியாவின் வறண்ட நிலங்களைத் தவிர உலகத்தில் வேறெங்கும் காணக் கிடைக்காத இனம் இது என்பதும், இதற்குப் பெயர்தான் எலியே தவிர எலிக் குலத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது என்பதும் நம்மவர்களில் அநேகருக்குத் தெரியாது. தானியத்தை இது தொடுவதில்லை. வண்டும் புழுவும் கறையானுமே இதன் ஆகாரம். முதல் மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவில், ஈசல் கிளம்பியிருந்த சமயம், இட்டேரியில் டார்ச் வெளிச்சத்தில் ஒன்றைக் கண்டேன். முகத்தில் பழுப்பும் வெளுப்புமாக முகமூடி போட்டாற்போன்ற கோலம்; ஈரமான கூர்மூக்கை மண்ணில் வைத்து உறிஞ்சிக்கொண்டே சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் நின்றது. நெற்றி முள்ளைக் கண்ணுக்கு மேல் இழுத்துக்கொண்டது. அடுத்த கணம் மூக்கும் காலும் வயிறும் மறைந்து, ஒரு முட்பந்து மாத்திரம் கிடந்தது. உற்றுப் பார்த்தால் மூச்சுக்குத் தக்கபடி அந்த முட்கள் மெல்ல ஏறி இறங்கின. டார்ச்சை அணைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இப்பேர்ப்பட்ட சாதுவான பிராணியைப் பிடித்து, முள்ளைக் கருக்கிக் குழந்தைகளின் கக்குவானுக்கு மருந்தென்று கொடுக்கும் வழக்கம் கிராமங்களில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. ஆஸ்பத்திரியும் தடுப்பூசியும் வந்துவிட்ட காலத்தில் அதற்கு யாதொரு நியாயமும் இல்லை.

இதெல்லாம் ரசிக்கத்தக்க காட்சிதான், உழவனுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விளைச்சல் முடிந்து நிலம் மொட்டையாகக் கிடக்கும் மாதங்களில், பூச்சி தின்னும் உயிர்கள் எங்கே போகும்? ஒதுங்க இடமிருந்தால் அடுத்த போகம் வரையில் அங்கே காத்திருந்து, பயிர் முளைத்ததும் பூச்சியோடு கூடவே வயலுக்குள் இறங்கும். இடமில்லாவிட்டால் பூச்சி முதலில் வரும், அதைத் தின்பவை தாமதித்து வரும் அல்லது வரவே வராது. வேலியின் சாஸ்திரம் முழுவதும் இவ்வளவுதான். கரிச்சானை எடுத்துக்கொள்ளுங்கள்: மாட்டின் முதுகிலும் ஏர் ஓட்டுகிறவன் பின்னாலும் திரிந்து, கிளம்பும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும் பறவை அது, அது உட்கார ஓர் உயரமான குச்சி வேண்டும் என்பதற்காகவே வேளாண்மைத் துறையார் வயலில் பறவை தாங்கி நடச் சொல்கிறார்கள். மரமும் வேலியும் இருந்த இடத்தில் எவரும் தாங்கி நட வேண்டியிருக்கவில்லை. எலிக்குக் கூகையைவிடத் தேர்ந்த மருந்து கிடையாது. அதைச் சாவுக்குருவி என்று பெயரிட்டுக் கல்லெறிந்து துரத்திவிட்டு, கடையில் எலி பிஸ்கட் வாங்கி வைக்கிறோம்.

நெல் வயலைப் பற்றி அறிந்தவர்கள் புகையானை மறந்திருக்க மாட்டார்கள். மருந்து அடிக்க அடிக்க அது பெருகிய காரணத்தைப் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் ஆராய்ந்து சொன்னார்கள்: மருந்து முதலில் சிலந்திகளையும் மற்ற வேட்டைப் பூச்சிகளையும் கொன்றுவிடுகிறது, தண்டின் உறைக்குள் பத்திரமாக இருக்கும் புகையான் முட்டையோ தப்பிப் பிழைத்து, எதிரியே இல்லாத வயலில் பொரிந்து வெளிவருகிறது. இந்தோனேசிய சர்க்கார் இதைக் கேட்டு 1986-ல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக்கூடாதென்று ஒரே உத்தரவில் தடை செய்தது. நம் நாட்டிலோ அதே காலத்தில் வயல் தவளைகளைப் பிடித்துக் காலை அறுத்து மேல்நாட்டு ஹோட்டல்களுக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தோம். 1987-ல்தான் அது நிறுத்தப்பட்டது. தவளையை விற்ற டாலரில் பூச்சிமருந்து வாங்குகிற வியாபாரத்தில் லாபம் யாருக்கு என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பறவைக்கும் பயிருக்கும் உள்ள இந்தக் கணக்கு நம்மவர்களுக்குப் புதிதும் அல்ல. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் நாரைகளையும் கொக்குகளையும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ளியபோது, 1798-ல் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டுச் சுடாமலிருக்க உத்தரவு வாங்கியவர்கள் அந்த ஊர்க் குடியானவர்கள். பறவைகளின் எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டிருந்தார்கள். தயை ஒரு பக்கம் இருக்கட்டும், சுயநலமே அவர்களை அந்த நல்ல காரியத்துக்கு ஏவியது என்று யாராவது சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை. உழவனுக்கு உபகாரமாக இருக்கும் தர்மம்தான் உழவு நிலத்தில் நிலைக்கும் என்பது என் துணிபு.

கரூர், திண்டுக்கல் ஜில்லாக்களின் எல்லையில் கடவூர் மலைகள் இருக்கின்றன. இயற்கை வேளாண்மைக்காக ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார் தம் கடைசிக் காலத்தில் வானகம் என்ற பண்ணையை நிறுவியது அந்தக் கடவூரில்தான். அதே வட்டாரத்தில், கடவூர், அய்யலூர்ப் பக்கத்துக் காடுகளைச் சேர்த்து 11,806 ஹெக்டேரை 2022-ல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்குக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் அது. தேவாங்கு தாவத் தெரியாத பிராணி. குரங்கைப் போல் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் பாய அதனால் ஆகாது. கிளையைப் பற்றிக்கொண்டே அடுத்த கிளையை எட்டிப் பிடித்து ஊர்ந்துதான் போக வேண்டும். ஆகவே ஒரு மரக்கூட்டத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே தொடர்ச்சியாகக் கிளை இல்லையென்றால் அதற்கு இரண்டும் வெவ்வேறு தீவுகளே. சரணாலயத்தின் எல்லைக்கு வெளியே அந்தத் தொடர்ச்சியை யார் கொடுக்க முடியும்? பக்கத்துத் தோட்டக்காரருடைய வேலிதான் கொடுக்க முடியும். தேவாங்கும் இரவெல்லாம் பூச்சி பிடித்துத் தின்று அதற்கு வாடகையும் கொடுத்துவிடுகிறது.

சரி, இத்தனை நன்மைகள் உடைய வேலியை ஜனங்கள் ஏன் பிடுங்கி எறிகிறார்கள்? அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். உயிர்வேலி இடத்தைப் பிடிக்கும். இரு மருங்கிலும் அதன் வேரும் நிழலும் படுகிற ஐந்தாறு அடியில் பயிர் சோடையாக நிற்கும். சென்ட் கணக்கில் நிலம் விலை போகிற காலத்தில் அது ஒரு பெரிய விஷயம். வேலி கட்டத் தெரிந்த ஆட்கள் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பாம்பு அடையும் என்ற பயம் இருக்கிறது. நிலத்தை மனைக்காக விற்க நினைப்பவருக்கோ வேலி ஒரு தொந்தரவே தவிர வேறில்லை. ஆகவே ஜேசிபி வருகிறது. ஒரு தலைமுறை வளர்த்த வேலியை ஒரு முற்பகலில் வழித்தெடுத்துக் குவித்துத் தீ வைத்துவிட்டு, கல்கால் நட்டுக் கம்பி இழுக்கிறார்கள். எங்கள் தாய்மாமன் ஒருவர் என்னிடம் இதைப் பற்றி வாதாடியதுண்டு.

“ஏனுங் மாப்ளே, கம்பி வேலின்னா ஒரே நாள் சோலி. இந்த முள்ளக் கட்டீட்டு எதுக்குங்க மாரடிக்கறீங்க?”

“ஒரே நாள் சோலிதானுங்க மாமா. பத்து வருசத்துல கம்பி துருப்பிடிச்சுப் போனா மறுபடியும் ஒரு நாள் சோலி. கிளுவை துருப்பிடிக்காதுங்களே!”

“அது செரி. மயிலு வந்து பாதி வெள்ளாமையத் தின்னு போட்டுப் போகுதே, அதுக்கு உங்க கிளுவை என்ன பண்ணுதுங்க?”

இந்தக் கேள்விக்கு என்னால் சுலபமாகப் பதில் சொல்ல முடியவில்லை. மயில் எங்கள் பக்கத்தில் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது என்பதும், நிலக்கடலையையும் தக்காளியையும் நாசம் செய்கிறது என்பதும் பிரத்தியட்சம். முட்டையையும் குஞ்சையும் தின்ற நரி இட்டேரிகளோடு சேர்ந்து மறைந்துவிட்டதுதான் காரணம் என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களின் கணிப்பு. அது சரியென்றே எனக்கும் படுகிறது. குருணை மருந்தைத் தானியத்தில் கலந்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது சட்டப்படி சிறைக்குரிய குற்றம் என்பதோடு, அந்த விஷத்தைத் தின்று செத்த பறவையைத் தின்னும் நாயும் காக்கையும் கீரியும் சேர்ந்தே சாகும். பழைய சேலைகளை வரிசையாகக் கட்டிக் காட்டைச் சுற்றி மறைப்பது ஓரளவு பலன் தருகிறது. மயிலால் ஏற்படும் சேதத்துக்குத் தாமதமில்லாமல் ஈடு கொடுக்கச் சர்க்கார் முன்வராத வரையில், குடியானவனுக்குப் பறவை நேசத்தை உபதேசிக்கும் யோக்கியதை பட்டணத்து மனிதர்களாகிய நமக்கு இல்லை.

வேலி விஷயத்தில் இங்கிலாந்துக்காரர்கள் நமக்கு முன்னால் பட்டு அறிந்தவர்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பெரிய யந்திரங்கள் ஓட வசதியாக வேலிகளை மைல் கணக்கில் அழித்தார்கள்; பிறகு விழித்துக்கொண்டு, 1997-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, பழைய நாட்டுப்புற வேலியை அகற்றுவதானால் உள்ளூர் அதிகாரிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று விதித்தார்கள். நம் இட்டேரிகளுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. பஞ்சாயத்துத் தார் ரோடு போடும்போது முதல் பலி அதுதான்.

நிலம் இல்லாதவர்கள் இதில் என்ன செய்ய முடியும் என்று பெருமூச்சு விட வேண்டாம். தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருப்பவரும் இந்த விவகாரத்தில் கட்சிக்காரர்தான். அதன் இலையில் பறவை எச்சம் போல் கருப்பும் வெளுப்புமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அவசரப்பட்டு நசுக்கிவிடாதீர்கள்; தோலுரித்து வளர வளர அது பச்சைப் புழுவாகும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பு நீட்டி, ஒரு நாற்றத்தையும் பரப்பி உங்களைப் பயமுறுத்தப் பார்க்கும். பிறகு கூடாகி, கருப்பில் மஞ்சள் புள்ளியிட்ட பெரிய வண்ணத்துப்பூச்சியாகப் பறந்து போகும். ரசத்துக்கு நாலு இலை குறைந்தால் குடி முழுகிவிடாது. குரோட்டன்ஸையும் இறக்குமதிப் புல்லையும் வைத்து அழகு பார்க்கும் இடத்தில் ஒரு செம்பருத்தி நின்றால் தேன்சிட்டு வரும். மூலையில் எருக்கு ஒன்றைப் பிழைக்க விட்டால் வெந்தய வரியன் முட்டையிடும். அகலமான இலையுள்ள செடி ஏதாவது இருந்தால், தையல்சிட்டு இலையின் ஓரங்களை நூலால் தைத்துக் கூடமைப்பதைப் பார்க்கும் பாக்கியமும் கிட்டலாம். நாவலாசிரியர் மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன், 1996-ல் காலமாகும் வரையில் பத்திரிகைகளில் இப்படிப்பட்ட சாமானியப் பிராணிகளைப் பற்றி அலுக்காமல் எழுதினார். நம் மண்ணுக்குரிய மரஞ்செடிகளை ஒதுக்கிவிட்டு அயல்நாட்டுச் செடிகளை நடும் மோகத்தை அவர் கடைசிவரை கண்டித்தார். அவரைப் படியாதவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

நிலம் உள்ளவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கம்பி வேலி போட்டே ஆக வேண்டுமென்றால் போடுங்கள். ஆனால் இருக்கிற கிளுவையைப் பிடுங்காமல், அதற்கு உட்புறமாகக் கம்பியை இழுங்கள். புதிதாக வேலி வைப்பவர்கள் மழைக்கு முன்னால் மூலனூர், கன்னிவாடிப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். வேலிக்குத் தலைவெட்டும் காட்டுக்காரரிடம் போத்து வேண்டுமென்று கேட்டால், வண்டி கொண்டு வந்து எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகச் சொல்வார். காசு வாங்க மாட்டார்.